டெய்சி ராசம்மா என்னும் ருக்மணி தேவி

தென்னிலங்கையின் சிங்கள ஊர்களில் வயது முதிர்ந்த ஒருவரிடம் ருக்மணி தேவி என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவர் முகம் மலரும். ஏதாவது ஒரு பழைய பாடலை மெல்ல முணுமுணுக்கவும் கூடும். அதே பெயரை எமது மன்னார்த் தீவில் சொன்னால் பெரும்பாலானோர் யார் என்று திருப்பிக் கேட்பார்கள். சிலர் இந்திய நாட்டியக் கலைஞர் ருக்மணி தேவி அருண்டேலை நினைத்துக்கொள்வார்கள். ஆனால் நாம் பேசும் ருக்மணி தேவி இந்த நாட்டு மண்ணில் பிறந்தவர். பிறந்தபோது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ்.

தமிழ்ப் பெயரோடு பிறந்த ஒரு பெண்பிள்ளை, சிங்கள மக்கள் தங்கள் சொந்தக் குரலாகக் கொண்டாடிய பாடகியானது எப்படி? அதற்காக அவர் எதைக் கொடுத்தார், எதைப் பெற்றார்? இரு மொழிகள் பேசும் ஒரு நாட்டில் கல்வி கற்கும் எமக்கு இந்தக் கேள்விகள் வெறும் சினிமாச் செய்திகள் அல்ல. அதனால்தான் இக்கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சினிமாவும் மேடைப் பாட்டும் எமது இல்லங்கள் எல்லாவற்றுக்கும் உடன்பாடானவை அல்ல. இதை வாசிக்கும் பெற்றோருக்கும் அந்தத் தயக்கம் இருக்கலாம். மாணவிகள் அந்தத் துறைக்குப் போகவேண்டும் என்று சொல்வதற்காக இது எழுதப்படவில்லை. ஒரு மனித வாழ்க்கையிலிருந்து கற்றுக்கொள்ள, அந்த வாழ்க்கை முழுவதையும் நாம் பின்பற்ற வேண்டியதில்லை. உழைப்பு, மொழி, புகழ், மறதி ஆகிய நான்கையும் பற்றி இந்தப் பெண்ணின் கதை எமக்குச் சொல்வது அதிகம்.

மலைநாட்டில் பிறப்பு

1923ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி நுவரெலியா மாவட்டத்தில் உள்ள றம்பொடையில் டெய்சி ராசம்மா பிறந்தார். கொழும்புச் செட்டிச் சமூகத்தைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம் அது. இச்சமூகத்தவர் பல தலைமுறைகளுக்கு முன் தென்னிந்தியாவிலிருந்து வணிகத்துக்காக வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள். காலப்போக்கில் அவர்களில் பலர் தமிழோடு சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் புழங்கும் மொழிகளாக்கிக்கொண்டார்கள்.

தேயிலைச் சரிவுகளும் பனிமூட்டமும் நிறைந்த றம்பொடையை விட்டுக் குடும்பம் கொழும்புக்கு வந்தது. சின்ன வயதில் பாடசாலையின் நத்தார் நாடகமொன்றில் நடித்த அந்தப் பிள்ளையின் குரலைக் கேட்டவர்கள் வியந்தார்கள். ஒரு திறமை முதலில் வெளிப்படும் இடம் பெரும்பாலும் பாடசாலை மேடைதான். அதைக் கண்டு, மதித்து, அடுத்த வாய்ப்பைக் கொடுக்கும் ஆசிரியர்கள் இருந்தால் அது வளரும். இல்லாவிட்டால் அங்கேயே அடங்கிப் போகும். டெய்சியின் குரல் அடங்கிப் போகவில்லை.

அக்காலக் கொழும்பில் நாடகம் பெரிய பொழுதுபோக்கு. 1911இல் மருதானையில் திறக்கப்பட்ட டவர் மண்டபம் சிங்கள இசை நாடகங்களின் தலைமை இடமாக விளங்கியது. இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து வளர்ந்த கலை அது. வட இந்திய மெட்டுகளுக்குச் சிங்களச் சொற்களை அமைத்துப் பாடுவார்கள். தொடக்கத்தில் பெண் வேடங்களையும் ஆண்களே கட்டினார்கள். பெண்கள் மேடையேறுவதைச் சமூகம் ஏற்க நெடுநாள் எடுத்தது. அப்படிப்பட்ட காலத்தில், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையாக இருந்தபோதே, இராமாயண நாடகத்தில் சீதை வேடம் டெய்சிக்குக் கிடைத்தது. கிறிஸ்தவப் பிள்ளையொன்று, இந்து இதிகாசத்தின் நாயகியாக, பெரும்பாலும் பௌத்தர்களைக் கொண்ட சபையின் முன்னால், சிங்களத்தில் பாடி நடித்தது. அவரது பிற்கால வாழ்க்கை எப்படி அமையப்போகிறது என்பதை அந்த ஒரு மேடையே காட்டிவிட்டது எனலாம்.

நாடக உலகில்தான் டெய்சி ராசம்மா என்ற பெயர் பின்னுக்குப் போய், ருக்மணி தேவி என்ற மேடைப் பெயர் முன்னுக்கு வந்தது. இந்தியக் கலையுலகின் வாசனை வீசும் ஒரு பெயர் அந்நாளில் மேடைக்குப் பொருத்தமாகக் கருதப்பட்டது. அந்தப் பெயரே கடைசிவரை நிலைத்தது.

இசைத்தட்டில் ஏறிய குரல்

1930களின் இறுதியில், இன்னும் பதின்ம வயதைத் தாண்டாத நிலையில், அவரது குரல் முதன்முதலாக இசைத்தட்டில் பதிவானது. எச். டபிள்யூ. ரூபசிங்க என்ற இசையாசிரியரோடு சேர்ந்து பாடிய பாட்டு அது. புத்தகயா விகாரையின் பெருமையைச் சொல்லும் பக்திப் பாடல். அதைப் பாடியவர் ஒரு கிறிஸ்தவப் பெண் என்பது கேட்டவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை. பல ஆண்டுகள் கடந்தும் சிங்கள இல்லங்களில் அப்பாடல் மறக்கப்படவில்லை.

இன்று கைப்பேசியில் பாடலைப் பதிவுசெய்து, பிழையான இடத்தை வெட்டி எறிந்து, வேண்டியபடி ஒட்டிக்கொள்கிறோம். அந்நாளில் அப்படி இல்லை. கிராமபோன் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் கொள்ளும். பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாகக் கூடி, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில் பாடி முடிக்க வேண்டும். ஒருவர் தவறினாலும் முழுவதையும் மீண்டும் பாட வேண்டும். ஆகவே பாட்டை முழுமையாக மனனம் செய்து, மூச்சை அளந்து, ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக உச்சரிக்கப் பழகியவர்களுக்கே அங்கு இடம் இருந்தது.

அந்த உச்சரிப்பு இலகுவாக வந்திருக்காது. இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கும் எமது மாணவிகளுக்கு அதன் சிரமம் தெரியும். தமிழில் ‘க’ என்று ஓர் எழுத்தே இருக்க, சிங்களத்தில் வன்மையான ஒலிக்கு ஓர் எழுத்தும் மென்மையான ஒலிக்கு வேறோர் எழுத்தும் உண்டு. ‘ப’வும் அப்படியே. தமிழ் எழுத்தில் இல்லாத உயிரொலிகளும் அங்கே உண்டு. ஒலி சற்றுப் பிசகினால் பொருள் மாறிவிடும். ருக்மணி தேவி பாடும்போது வேற்று மொழிக்காரர் ஒருவர் பாடுகிறார் என்ற எண்ணமே சிங்கள ரசிகர்களுக்கு எழவில்லை. அவ்வளவு சுத்தமாக அந்த மொழியைத் தம் நாவில் ஏற்றியிருந்தார்.

மினர்வா நாடகக் குழு

நீர்கொழும்பைச் சேர்ந்த பி. ஏ. டபிள்யூ. ஜயமான்ன என்பவர் மினர்வா என்ற நாடகக் குழுவை நடத்திவந்தார். புராண அரசர்களை விட்டுவிட்டு, சமகாலக் குடும்பங்களின் துயரங்களை மேடைக்குக் கொண்டுவந்த குழு அது. அவருடைய தம்பி எடி ஜயமான்ன குழுவின் நகைச்சுவை நடிகர். ருக்மணி தேவி இக்குழுவில் சேர்ந்து அதன் நாயகியானார். அவருடைய சோகப் பாடல்களும் எடியின் சிரிப்பும் சேர்ந்தே சபையை நிறைத்தன. ஊரூராகச் சென்று நாடகம் போடும் வாழ்க்கையில் இருவரும் ஒருவரையொருவர் விரும்பி மணந்துகொண்டார்கள். தமிழ்ப் பெயரோடு மலைநாட்டில் பிறந்த பெண், சிங்களக் கடலோர ஊரான நீர்கொழும்பின் மருமகளானார். அந்த ஊரே பின்னர் அவரது ஊராயிற்று.

தலைமன்னாரைத் தாண்டி

ருக்மணி தேவியின் பெயர் நாட்டின் வரலாற்றில் பதிந்த ஆண்டு 1947. அதன் பின்னணியில் எமது மன்னாருக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு.

அதுவரை இலங்கைத் திரையரங்குகளில் தமிழ், ஹிந்தி, ஆங்கிலப் படங்களே ஓடின. சிங்களம் பேசும் படமொன்று வரவில்லை. அதற்குரிய படப்பிடிப்பு நிலையமோ கருவிகளோ தொழில்நுட்பக் கலைஞர்களோ நாட்டில் இல்லை. இந்தக் குறையைத் தீர்க்க முன்வந்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். மதுரையில் சித்ரகலா மூவிடோன் என்ற படப்பிடிப்பு நிலையம் அவருக்கு இருந்தது. மினர்வா குழுவினரின் புகழ்பெற்ற நாடகமான ‘கடவுனு பொறொந்துவ’வை அவர் படமாக்கத் தீர்மானித்தார். உடைந்துபோன வாக்குறுதி என்பது அத்தலைப்பின் பொருள். வங்காளியான ஜோதிஷ் சிங் நெறிப்படுத்தினார். இசையமைத்தவர் ஆர். நாராயண ஐயர். படப்பிடிப்பு மதுரையில் நடந்தது.

அக்காலத்தில் கொழும்பிலிருந்து மதுரைக்குப் போவோர் பெரும்பாலும் பயன்படுத்திய வழி எமது தீவின் ஊடாகவே சென்றது. கோட்டையில் இரவு இரயிலேறினால் காலையில் தலைமன்னார் பியர். அங்கிருந்து இர்வின், கோஷன் ஆகிய நீராவிக் கப்பல்களில் தனுஷ்கோடி. அக்கரையில் மீண்டும் இரயில். 1914இல் தொடங்கிய இந்தப் பாதை தேயிலைத் தோட்டத் தொழிலாளரையும் வணிகரையும் மாணவரையும் யாத்திரிகரையும் மட்டுமல்ல, கலைஞர்களையும் இசையையும் இரு பக்கமும் சுமந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை இந்த வழி உயிரோடு இருந்தது. சிங்களச் சினிமா பிறந்து வளர்ந்த காலமும், இந்தக் கடல்வழி உயிரோடிருந்த காலமும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதை எமது பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது.

1947ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் திகதி கொழும்பு மைலன் திரையரங்கில் ‘கடவுனு பொறொந்துவ’ வெளியானது. ருக்மணி தேவிக்கு 24 வயது நிறைந்து ஆறு நாட்களே ஆகியிருந்தன. சிங்கள மொழி முதன்முதலாகத் திரையிலிருந்து ஒலித்தது. அந்த முதற் படத்தின் நாயகியாக மக்கள் கண்டதும் கேட்டதும் றம்பொடையில் பிறந்த ராசம்மாவைத்தான். நாடு சுதந்திரம் அடைய இன்னும் ஓராண்டுக்குச் சற்று மேல் இருந்தது. தங்கள் மொழி திரையில் ஒலிப்பதைச் சிங்கள மக்கள் ஒரு பெருமையாகக் கொண்டார்கள். மக்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள். இன்றுவரை ஜனவரி 21 இலங்கைச் சினிமாவின் பிறந்த நாளாக நினைவுகூரப்படுகிறது.

பல கைகள் சேர்ந்து செய்த கலை

முதற் படத்தைத் தொடர்ந்து ‘கபடி ஆரக்ஷகயா’, ‘வெரதுனு குருமானம’ என மினர்வா நாடகங்கள் ஒவ்வொன்றாகத் திரைக்கு வந்தன. ருக்மணி தேவியும் எடியும் சிங்களச் சினிமாவின் முதற் பெரும் இணையானார்கள். மக்கள் அவரைக் கானக்குயில் என்று அழைத்தார்கள். இலங்கை வானொலி அவரது பாடல்களை நாடெங்கும் பரப்பியது. திரையரங்கு இல்லாத ஊரிலும் அவர் குரல் இருந்தது.

அந்த வளர்ச்சியில் அவர் தனியாக இருக்கவில்லை. 1947இலேயே வெளிவந்த இரண்டாவது சிங்களப் படம் ‘அசோகமாலா’. அதன் இசையமைப்பாளர் முகம்மது கௌஸ் மாஸ்டர். அப்படத்தில் பாடியவர்களுள் ஒருவர் மொஹிதீன் பேக். தமிழகத்தின் சேலத்தில் 1919இல் பிறந்து, இளம் வயதில் கொழும்புக்கு வந்து, சிங்களப் பாட்டுலகில் நிலையான இடம் பெற்ற முஸ்லிம் அவர். பௌத்த பக்திப் பாடல்களையும் அவர் பாடினார். வெசாக் காலத்தில் அவர் குரல் கேட்காத தெரு தென்னிலங்கையில் அரிது. ருக்மணி தேவியும் மொஹிதீன் பேக்கும் சேர்ந்து பாடிய பாடல்களும் பல. நாகர்கோவிலிலிருந்து வந்த ஆர். முத்துசாமி சிங்களப் படங்களுக்கு இசையமைத்துப் பெரும் புகழ் பெற்றார். எஸ். எம். நாயகம் பின்னர் கந்தானையில் ஒரு படப்பிடிப்பு நிலையத்தையே நிறுவினார்.

கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து, பௌத்தர் என எல்லோருடைய கையும் பட்டு உருவான கலை அது. சிங்களச் சினிமாவின் தொடக்கப் பக்கங்களைப் புரட்டினால் தமிழ்ப் பெயர்களும் முஸ்லிம் பெயர்களும் வரிசையாக வருகின்றன. அது இரவல் வாங்கிய கலை என்று சிலர் குறை சொன்னதும் உண்டு. மெட்டுகள் பெரும்பாலும் ஹிந்திப் படங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. படங்கள் சென்னையிலும் சேலத்திலும் கோயம்புத்தூரிலும் தயாரானவை. அந்தக் குறையில் உண்மையும் இருந்தது. ஆனால் மெட்டு எங்கிருந்து வந்தாலும், அதில் சிங்கள மக்கள் தங்கள் துயரத்தை உணரும்படி பாடிய குரல் இரவல் அல்ல.

காலம் மாறியபோது

1956ஆம் ஆண்டு இரண்டு வகையில் திருப்புமுனையானது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய ‘ரேகாவ’ அந்த ஆண்டு வெளியானது. தென்னிந்தியப் படப்பிடிப்பு நிலையங்களை விட்டு வெளியேறி, இலங்கைக் கிராமத்தின் இயற்கை வெளியிலேயே எடுக்கப்பட்ட படம் அது. மறு ஆண்டு பிரான்சின் கான் திரைப்பட விழாவுக்கும் சென்றது. சிங்களச் சினிமா மெல்லத் தன் நடையை மாற்றிக்கொள்ளத் தொடங்கியது. மிகை நடிப்பும் இரவல் மெட்டும் கொண்ட பழைய நாடகப் படங்களின் மவுசு குறைந்தது. புதிய நாயகிகள் வந்தார்கள். ருக்மணி தேவிக்குக் கிடைத்த வேடங்கள் ஆண்டுக்காண்டு சுருங்கின.

அதே 1956இல்தான் சிங்களம் மட்டும் அரச கரும மொழி என்ற சட்டமும் வந்தது. 1958இல் இனக்கலவரம் வெடித்தது. நாட்டின் மொழிகள் இரண்டும் எதிரெதிரே நிறுத்தப்பட்ட காலம் அது. அக்காலம் முழுவதும் சிங்கள வானொலியில் ருக்மணி தேவியின் பாடல்கள் ஒலித்துக்கொண்டுதான் இருந்தன. அந்தப் பாடல்களைக் கேட்டு உருகியவர்களும், அவர் பிறந்த சமூகத்தின் மொழிக்கு அலுவலகத்தில் இடமில்லை என்றவர்களும் சில வேளைகளில் ஒரே ஆட்களாக இருந்திருப்பார்கள். ஒரு கலைஞரை நேசிக்கும் மக்கள், அந்தக் கலைஞர் வந்த வீட்டையும் நேசிப்பார்கள் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. அதைத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

திரை கைவிட்டபோதும் ருக்மணி தேவி குரலைக் கைவிடவில்லை. கிட்டாரும் மேற்கத்தியத் தாளமும் சேர்ந்த இசைக்குழுக்கள் நாட்டில் பெருகிய காலம் வந்தது. கிராமபோன் தட்டிலும் நாடக மேடையிலும் பழகிய அவர், தம்மைவிட வயதில் மிகக் குறைந்த வாத்தியக்காரர்களோடு நின்று புதிய பாணியிலும் பாடினார். நகரங்களில் நடக்கும் களியாட்ட விழாக்களில் அவர் மேடையேறினால் மக்கள் குவிந்தார்கள். தாய் தந்தையர் இளமையில் கேட்ட குரலைப் பிள்ளைகள் நேரில் கேட்டார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் அப்படித் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது சாதாரணமான செயல் அல்ல.

ஆனால் அது சுகமான வாழ்க்கையும் அல்ல. முதற் படத்தின் நாயகி, நாட்டின் குயில் என்ற பெருமைகள் எல்லாம் இருந்தும், முதுமை நெருங்கும் வேளையில் ஊரூராகச் சென்று இரவிரவாகப் பாடும் நிலை அவருக்கு இருந்தது. அந்நாளில் பாடகிக்குப் பாடிய அன்றைய கூலியே வருமானம். எத்தனை ஆயிரம் வீடுகளில் பாட்டு ஒலித்தாலும் அதற்குரிய பங்கு பாடியவர் கையில் வந்து சேரும் ஏற்பாடு உறுதியாக இருக்கவில்லை. ஓய்வூதியமும் இல்லை. தன் உழைப்பின் பலன் தனக்கு வந்து சேருகிறதா என்று கணக்குப் பார்க்கும் அறிவு ஒரு பெண்ணுக்கு எந்தத் தொழிலிலும் தேவை என்பதை இங்கே பெற்றோரும் மாணவிகளும் ஒருங்கே கவனிக்க வேண்டும்.

கடைசிப் பயணம்

1978 ஒக்டோபர் மாத இறுதியில் மாத்தறையில் நடந்த களியாட்ட விழாவில் ருக்மணி தேவி பாடினார். நிகழ்ச்சி முடிந்ததும் இரவோடிரவாக நீர்கொழும்பில் உள்ள வீட்டுக்குத் திரும்பினார். நாட்டின் தென்கோடியிலிருந்து, கொழும்பையும் கடந்து, ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தூரப் பயணம். அன்று இப்போதுள்ள அதிவேக நெடுஞ்சாலை இல்லை. 28ஆம் திகதி விடியற்காலையில், ஜா-எலவுக்கு அருகே துடெல்ல என்ற இடத்தில் அவர் வந்த வாகனம் விபத்துக்குள்ளானது. வீடு போய்ச் சேர இன்னும் சிறிது தூரமே இருந்தது. அங்கேயே அவரது வாழ்க்கை முடிந்தது. அப்போது அவருக்கு வயது 55.

செய்தி வானொலியில் வந்ததும் நாடு திகைத்தது. நீர்கொழும்பில் நடந்த இறுதிச் சடங்கில் பெருந்திரளான மக்கள் கூடினார்கள். திரையுலகம் மறக்கத் தொடங்கியிருந்த ஒருவரை மக்கள் மறக்கவில்லை என்பது அன்று தெரிந்தது.

அவர் இறந்த காலத்தையும் கவனிக்க வேண்டும். முந்தைய ஆண்டு, 1977 ஓகஸ்டில், தமிழர்களுக்கு எதிரான வன்செயல்கள் நாட்டின் பல பகுதிகளில் நடந்திருந்தன. அவர் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், 1978 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, தமிழைத் தேசிய மொழிகளுள் ஒன்றாக ஏற்றது. அரச கரும மொழியாகத் தமிழும் ஏற்கப்பட 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ராசம்மா என்ற பெயர் கொண்ட ஒருவர் சிங்கள மொழிக்குத் தம் வாழ்நாளையே கொடுத்து முடித்த பின்னர்தான், அந்தப் பெயரின் மொழிக்குச் சட்டத்தில் அந்த இடம் கிடைத்தது.

இன்னொரு நாட்டில் இன்னொரு பாடகி

உலகில் இத்தகைய கதை இது ஒன்றல்ல. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1971இல் பிறந்த செலினா கின்டனில்லா என்ற பாடகியின் முன்னோர் மெக்சிக்கோவிலிருந்து வந்தவர்கள். அவர் பேசி வளர்ந்தது ஆங்கிலம். பாடிப் புகழ்பெற்றது முன்னோரின் ஸ்பானிய மொழியில். அந்த மொழியை அவர் தந்தையின் உதவியோடு, ஒலியைக் கேட்டுக் கேட்டே பாடப் பழகினார். பேசுவது பின்னர்தான் கைவந்தது. 1995 மார்ச் 31ஆம் திகதி, தமது ரசிகர் மன்றத்தை நடத்திவந்த பெண்ணொருவரால் சுடப்பட்டு 23 வயதில் இறந்தார்.

செலினா பாட்டின் வழியாகத் தன் முன்னோரின் மொழிக்குத் திரும்பினார். ருக்மணி தேவி பாட்டின் வழியாக அயலவரின் மொழிக்குள் சென்றார். திசைகள் வேறு. ஆனால் இருவருமே, ஒரு மொழி யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு ஒரே விடையைத் தம் வாழ்க்கையால் தந்தார்கள். யார் அதை அன்போடும் உழைப்போடும் கற்றுக்கொள்கிறாரோ அவருக்கும் அது சொந்தம். செலினாவை இன்று இரு மொழிக்காரரும் தம்மவர் என்று உரிமை கொண்டாடுகிறார்கள். ருக்மணி தேவிக்குச் சிங்களவர் மட்டுமே உரிமை கொண்டாடுகிறார்கள். தமிழ் பேசும் நாம் அவரை எண்ணிப் பார்ப்பதே இல்லை.

எமக்கு விட்டுச் சென்றது

1990இல் இங்கிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் நீண்ட காலம் வாழ்ந்த குடும்பங்கள் எமது ஊர்களில் பல. அங்கே பிறந்து வளர்ந்தவர்களில் பலர் கடைத்தெருவிலும் அயல் வீட்டிலும் சிங்களம் பேசிப் பழகியவர்கள். தேவை கற்றுக்கொடுத்த மொழி அது. சிலர் அதை ஒரு துயரத்தின் மிச்சமாகவே இன்றும் நினைக்கிறார்கள். ஆனால் கையில் வந்த ஒரு மொழி எப்படி வந்ததென்றாலும் செல்வமே. வைத்தியசாலையில், நீதிமன்றத்தில், பல்கலைக்கழகத்தில், தொழிலிடத்தில் அது நமக்காகப் பேசும். அயலவரின் உள்ளத்துக்குள் செல்லும் கதவையும் அது திறக்கும். ருக்மணி தேவி அந்தக் கதவைத் திறந்து உள்ளே சென்று, அங்கே தலைமை இருக்கையிலேயே அமர்ந்தவர்.

அவர் வாழ்க்கை தரும் எச்சரிக்கையும் உண்டு. அவரது மேடைப் பெயர் மேலெழுந்தபோது ராசம்மா என்ற பெயர் மறைந்தது. தமிழர் அவரைத் தேடவில்லை. சிங்களவருக்கு அவருடைய பழைய பெயர் தேவைப்படவில்லை. இரு பக்கத்தாரும் சேர்ந்தே அதை மறந்தார்கள். எமது மாணவிகள் சிங்களத்தை நன்றாகக் கற்கட்டும், ஆங்கிலத்தையும் கற்கட்டும். அத்தோடு தமது பெயரையும் தமது வீட்டு மொழியையும் எங்கு சென்றாலும் உரத்துச் சொல்லக்கூடியவர்களாக வளரட்டும். தாய்மொழியில் வேரூன்றியவர்கள் அடுத்த மொழிக்குப் போகும்போது அஞ்ச வேண்டியதில்லை.

சிங்களச் சினிமாவின் முதல் நாயகி யார் என்று பொது அறிவுப் போட்டியொன்றில் கேட்டால், ருக்மணி தேவி என்று ஒரு சொல்லில் விடை எழுதி முடித்துவிடலாம். எமது கல்லூரி மாணவிகள் அதற்குப் பக்கத்தில் டெய்சி ராசம்மா டானியல்ஸ், றம்பொடை என்றும் சேர்த்து எழுதட்டும். விடை அப்போதுதான் முழுமை பெறும்.